கலாட்டாவில் மீன் பிடிக்கலாம்!

கலாட்டா என்றவுடன் பயந்து விடாதீர்கள்! துருக்கியின் இஸ்தான்புல் நகரிலுள்ள ஒரு பாலத்தின் பெயர் அது. அங்கே நடப்பதோ, சத்தமில்லாமல் தூண்டில் போடும் காரியம்!

1994-ல் கட்டி முடிந்த இப்போதைய பாலத்துக்கு இரண்டு தட்டுகள். கீழ்த் தட்டில் சாப்பாட்டுக் கடைகள். சாப்பிடுகிறவர்களின் கண்ணெதிரே மீன் துள்ளிக்கொண்டு மேலே போகும்! மேல் தட்டில், ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பம் குடும்பமாகக் கூடிவிடுவார்கள். அப்பா தூண்டிலை இறக்க, அம்மா பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்ற, குழந்தைகள் வாளியை எட்டி எட்டிப் பார்ப்பார்கள். ஒரே நரம்பில் பல முட்கள் கட்டியிருப்பதால், அதிர்ஷ்டம் இருந்தால் நாலைந்து சிறு பாரை மீன்கள் சேர்ந்தே ஏறி வரும்.

ஆனால் நகரத்தாரின் செல்லம் 'லூஃபெர்' என்ற மீன்தான். இலையுதிர் காலத்தில் கருங்கடலிலிருந்து இறங்கி வரும். மாவடு, மாங்காய், மாம்பழம் என்று நாம் சொல்வதுபோல, இதற்கும் வளர வளரப் பெயர் மாறும். விரல் நீளக் குஞ்சுக்குப் 'பிரிஞ்சி இலை' என்று பெயர்! அப்புறம் 'சினெகோப்', பிறகு 'சாரிகனாத்', அதற்கும் பிறகே 'லூஃபெர்'.

வடுவையெல்லாம் உலுக்கிவிட்டால் பழம் ஏது? லூஃபெர் அருகியதற்கு, குஞ்சாகவே பிடித்துத் தின்றதும் ஒரு காரணம். அளவு குறைந்த மீனைப் பிடிக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. சட்டம் வந்து ஒவ்வொரு வாளியையும் எட்டிப் பார்க்குமா? அம்மாதான் பார்க்க வேண்டும்.

"குட்டி மீனடா கண்ணா, தண்ணீரிலே விட்டுவிடு!"

பிள்ளையின் முகம் வாடத்தான் செய்யும். வாடட்டுமே! அவன் பெரியவனாகித் தன் பிள்ளையை அழைத்து வரும்போதும் லூஃபெர் இருக்க வேண்டாமா?