ஊசி போடுமுன் நீதிபதியைக் கேளுங்கள்

குடித்துவிட்டுக் கார் ஓட்டுபவர்கள் மீது எனக்கு இரக்கம் கிடையாது. வானொலியில் நள்ளிரவு விபத்துச் செய்தியைச் சொல்லும்போதெல்லாம் கோபம்தான் வரும். அப்படிப்பட்டவரின் ரத்தத்தை எடுக்க போலீஸ் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? நியாயமான கேள்விதான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் தேடி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

அந்நாட்டு அரசியலமைப்பின் நான்காவது திருத்தம், காரணமற்ற சோதனைகளிலிருந்து மக்களைக் காக்கிறது. வீட்டைச் சோதனையிடவே பொதுவாக நீதிபதியின் ஆணை வேண்டும். அப்படியென்றால் உடம்புக்குள் ஊசி ஏற்றுவதற்கு?

1966-இல் வந்த ஷ்மெர்பர் வழக்கில் போலீசுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. கலிபோர்னியாவில் விபத்தில் காயமடைந்த ஓட்டுநர் மறுத்தும், மருத்துவமனையில் அவர் ரத்தம் எடுக்கப்பட்டது. நேரமாக ஆக ரத்தத்தில் ஆல்கஹால் குறையும். விபத்து விசாரணையிலேயே நேரம் போய்விட்டது. ஆணை வாங்க அவகாசமில்லை. ஐந்து நீதிபதிகள் இதை ஏற்றார்கள், நால்வர் ஏற்கவில்லை.

அப்படியானால் எல்லா வழக்கிலும் 'அவசரம்' என்று சொல்லிவிடலாமா? 2013-இல் மெக்நீலி வழக்கில் அதற்குப் பதில் கிடைத்தது. மிசூரியில் அதிகாலை இரண்டு மணிக்கு மேல் ஒருவரைச் சாலையில் நிறுத்தினார்கள். விபத்து எதுவுமில்லை. மூச்சுப் பரிசோதனைக்கு அவர் மறுத்ததும், ஆணைக்கு முயலாமலே மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ரத்தம் எடுத்தார்கள். அளவு 0.154 சதவீதம், சட்ட வரம்பு 0.08. அவர் குடித்திருந்தார் என்பது தெளிவு. ஆனாலும் அந்த முடிவைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றாகிவிட்டது. ஆல்கஹால் கரைகிறது என்பது மட்டுமே அவசரமாகிவிடாது, ஒவ்வொரு வழக்கின் சூழலையும் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். பல மாநிலங்களில் தொலைபேசியிலேயே நீதிபதியிடம் ஆணை கேட்க முடிகிறதே!

2016-இல் இன்னொரு தெளிவு: கைதானவரின் மூச்சைச் சோதிக்க ஆணை வேண்டாம், ரத்தம் என்றால் பொதுவாக வேண்டும். மயங்கிக் கிடக்கும் ஓட்டுநர் விஷயத்தில் மட்டும் 2019-இல் பிடி தளர்ந்தது.

இதெல்லாம் வக்கீல்கள் பாடு என்று விட்டுவிட முடியாது. 2017-இல் யூட்டா மாநிலத்தில், வேறொருவர் ஏற்படுத்திய விபத்தில் தீக்காயமடைந்து நினைவிழந்து கிடந்தார் ஒரு லாரி ஓட்டுநர். அவர் ரத்தம் வேண்டும் என்று போலீஸ்காரர் கேட்டார். ஆணை இல்லை, சம்மதம் இல்லை, அவர் கைதாகவும் இல்லை என்று தாதி மறுத்தார். தாதிக்கே விலங்கு மாட்டினார் போலீஸ்காரர்! பின்னர் அவருக்கு வேலை போனது. தாதிக்கு 5 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த லாரி ஓட்டுநர்தான். குடிகாரருக்காக எழுதப்பட்டதுபோல் தெரிந்த விதி, வாய் திறக்க முடியாத ஒரு நிரபராதிக்கு உதவியது.

அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே பரிசோதனைக்கு மறுத்தால் ஓட்டுநர் உரிமம் பறிபோகலாம். போலீஸ் ஆணையோடு வந்தால் மறுக்கவும் முடியாது. நம் நாட்டுச் சாலைச் சட்டமோ வேறு. அந்தத் தீர்ப்புகளை இங்கே காட்ட முடியாது.