மலைநாட்டுப் பனியும் வாசற்புறச் சிலிண்டரும்

நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1868 மீற்றர் உயரத்தில் அமைந்த நகரம். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில், மேகமற்ற இரவு கழிந்த அதிகாலையில், அதன் புல்வெளிகளிலும் தேயிலைத் தளிர்களிலும் துகள் உறைபனி வெண்மையாகப் படிவதுண்டு. தளிரைக் கருக்கும் அந்தப் பனி, அடுப்பையும் சோரச் செய்கிறது. பெரட்டுக்குப் புறப்படுமுன் தேநீர் வைக்க முனையும் பெண், முதல் நாள் மாலை நன்றாக எரிந்த அடுப்பின் சுடர் மங்கித் தளர்வதைக் காண்கிறாள். வாயு தீர்ந்துவிட்டதோ, சிலிண்டர் பழுதோ என்ற ஐயம் எழுகிறது. அந்த ஐயத்தினால் செய்யப்படும் அவசரப் பரிகாரங்களே குளிரினும் அபாயமானவை.

குளிர்நாடுகள் பலவற்றில் எரிவாயு நிலத்தடிக் குழாய் வழியே வீடுகளுக்கு வருகிறது. வாயுவை அளக்கும் மானியும், அழுத்தத்தைச் சீர்ப்படுத்தும் கருவியும் வெளிச்சுவரில் இருக்கும். பனி மூடி அக்கருவியின் மூச்சுத்துளை அடைபடாமல் காப்பது அங்கே வீட்டாரின் கடமை. இலங்கையிலும் 19ஆம் நூற்றாண்டில் கொழும்புத் தெருவிளக்குகள் குழாய்வழி வந்த நிலக்கரி வாயுவால் எரிந்தன. மலைநாட்டுத் தோட்டங்களுக்கோ அத்தகைய குழாய் வரவில்லை. அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் வாசற்புறத்தில் நிற்பவை சிலிண்டரும், அதன் தலையில் பொருந்திய ரெகுலேட்டருமேயாம். அங்கே மானிக்குரிய கவனம் இங்கே இவற்றுக்கு உரியது.

சிலிண்டரினுள் இருப்பது பெரும்பாலும் திரவம். புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு பொருள்களின் கலவை அது. புரொப்பேன் சுழியத்துக்குக் கீழ் 42 பாகை செல்சியஸ் வரையிலும் கொதித்து வாயுவாகும். பியூட்டேனோ சுழியத்தை அண்டிய குளிரிலேயே சோம்பிவிடும். திரவம் வாயுவாவதற்கு வேண்டிய உஷ்ணத்தைச் சிலிண்டரின் இரும்புச் சுவர் வெளிக்காற்றிலிருந்து பெறுகிறது. காற்றுக் குளிர்ந்தால் அழுத்தம் குறையும். அன்றியும், புரொப்பேன் விரைந்து வெளியேறுவதால், தீருந்தறுவாயிலுள்ள சிலிண்டரில் பியூட்டேனே மிகுந்து நிற்கும். அதனால்தான் அத்தகைய சிலிண்டர் காலையில் சோர்ந்து, வெயில் ஏறியதும் தெளிகிறது.

இன்னுமொரு காரணமும் உண்டு. நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே சோறு வேகத் தாமதமாகும். குறை அடுப்பினுடையது அன்று, உயரத்தினுடையது.

சுடர் சோர்ந்தால் சிலர் சிலிண்டர்மேல் கொதிநீரை ஊற்றுவர். சிலர் அருகே விறகுத் தணலை வைப்பர். இரண்டும் கூடா. சூடேறினால் உள்ளழுத்தம் வெகுவாக உயரும்; தணலோ கசியும் வாயுவைப் பற்றவைக்கும். கம்பளியாலும் சாக்காலும் சுற்றுவதிலும் பயனில்லை. கம்பளி மனித உடலின் சூட்டைக் காக்கும். சிலிண்டருக்கோ சொந்தச் சூடு கிடையாது. வெளிக்காற்றிலிருந்து வரும் சிறு உஷ்ணத்தையும் அப்போர்வை தடுத்துவிடும். ஈரம் தங்கி இரும்பு துருப்பிடிக்கும். சிலிண்டரைப் படுக்கவைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் பாயும். ஒரே அடுப்பை மட்டும் எரிப்பதும், வெயில் வரும்வரை பொறுப்பதுமே தக்க பரிகாரங்கள்.

குளிருக்கு அஞ்சிச் சிலிண்டரை உள்ளே கொணர்ந்து, கதவையும் சன்னலையும் அடைத்துக்கொள்வது எல்லாவற்றினும் கொடிது. லயத்துக் காம்பிரா சிறியது. சமையலும் உறக்கமும் சில வீடுகளில் அடுத்தடுத்தே நிகழ்கின்றன. அடைத்த அறையில் காற்றுப் போதாமல் எரியும் அடுப்பு, கார்பன் மொனொக்சைட்டு என்னும் நிறமும் மணமும் அற்ற நச்சுவாயுவை உண்டாக்கும். உறங்கும் குழந்தைகள் அதனை அறியமாட்டார்கள்.

வெளியே வைக்கும் இடத்தையும் ஆராய்ந்து தெரிய வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழாமல் தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடும். மலைச்சரிவில் லயங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த இடங்களில், மேல் லயத்தின் கசிவு கான் வழியே கீழ் லயத்தின் வாசலை அடையக்கூடும். ஆகவே கானின் ஓரத்தையும் பள்ளத்தையும் விலக்கி, சமதரையில், பக்கங்கள் திறந்த சிறு தகரக் கூரையின்கீழ் சிலிண்டரை நிமிர்த்தி வைக்க வேண்டும். மழையும் பனியும் ரெகுலேட்டர்மேல் விழலாகாது. விறகடுப்பு எட்டவே இருக்க வேண்டும்.

ரப்பர்க் குழாய் குளிரில் விறைக்கும்; நாளடைவில் வெடிப்புக் காணும்; எலி கடிப்பதும் உண்டு. சவர்க்கார நீரை இணைப்புகளில் தடவினால், கசிவுள்ள இடத்தில் குமிழி தோன்றும். தீக்குச்சி கொண்டு ஒருபோதும் சோதிக்கலாகாது. கசிவை உணர்த்தவே வாயுவில் கெட்ட வாடை சேர்க்கப்படுகிறது. வாடை வந்தால் வால்வை மூடி, கதவுகளைத் திறந்துவைக்க வேண்டும்; மின்விளக்கின் பொத்தானை அழுத்தலாகாது; கீழ் லயத்தாருக்கும் சொல்லியனுப்ப வேண்டும்.

2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல பாகங்களில் எரிவாயு வெடிப்புகளும் தீ விபத்துகளும் நிகழ்ந்தன. கலவையின் விகிதம் அப்போது பெரும் கேள்வியாயிற்று. ரெகுலேட்டர், குழாய் ஆகியவற்றின் தரமும் ஆராயப்பட்டது. கலவையின் விகிதம் வீட்டாரின் கையில் இல்லை. சிலிண்டர் நிற்கும் இடமும், குழாயின் நிலையும், அதிகாலையில் சிறிது பொறுக்கும் மனமும் அவர்கள் கையில் உள்ளன. பனிக்காலத்தில் சுடர் சோர்வது இயற்கை. வெயில் வந்ததும் அது மீளும். அவசரத்தால் நேரும் இழப்போ மீளாது.