கை விறைக்கிறதா? சைக்கிள் ஹான்டிலைக் கவனியுங்கள்

தூரத்து வயலுக்கும் சந்தைக்கும் 15, 20 கிலோமீற்றர் சைக்கிள் மிதிப்பவர்கள் பலருக்குச் சின்னவிரலும் மோதிரவிரலும் விறைப்பதுண்டு. களைப்பு என்று இதனை விட்டுவிடக்கூடாது. விறைத்த கையால் பிறேக்கை இறுக்கிப் பிடிக்க முடியாது. மண்வெட்டிப் பிடியும் நழுவும்.

ஏன் விறைக்கிறது?

இவ்விரல்களுக்கு உணர்வு தரும் நரம்பு, உள்ளங்கையின் அடியில் சின்னவிரல் பக்கமாகச் செல்கிறது. உடற்பாரம் அவ்விடத்தில் நெடுநேரம் அழுத்தினால் நரம்பு நசிபடும். மணிக்கட்டு மடங்கியிருப்பதும் குன்றும் குழியுமான பாதையின் அதிர்வும் இதனை மேலும் கூட்டும்.

எந்த ஹான்டில் நல்லது?

ஓடுபவரை நோக்கிப் பின்னுக்கு வளைந்த பழைய மாதிரி ஹான்டிலில் மணிக்கட்டு பெரும்பாலும் நேராக இருக்கும். முதுகு நிமிர்வதால் பாரம் கையை விட்டுச் சீற்றில் இறங்கும். நேர் ஹான்டில் பார்வைக்கு அழகுதான். ஆனால் அதில் முன்னே சாய்ந்து கையை ஊன்ற நேரிடும். கீழ்நோக்கி வளைந்த றேஸ் ஹான்டிலில் கைகளை இடம் மாற்றிப் பிடிக்கலாம். எனினும் மூட்டை ஏற்றிக் குனிந்து ஓடுவது கடினம். ஹான்டிலின் அகலம் உங்கள் தோளின் அகலமளவு இருக்கட்டும்.

காசு செலவழிக்குமுன்

1. ஹான்டிலைச் சீற்றின் மட்டத்துக்கு அல்லது சற்று மேலே உயர்த்துங்கள். அதனைத் தாங்கும் தண்டின் மேல் போல்டைச் சில சுற்றுத் தளர்த்தி, மரத்துண்டு வைத்துத் தட்டினால் தண்டு இளகும். தண்டிலுள்ள எல்லைக்கோடு வெளியே தெரியக்கூடாது. கோடு இல்லையெனில் குறைந்தது 2½ அங்குலம் உள்ளே இருக்கவேண்டும். இல்லாவிடில் ஓடும்போது கழன்று விபத்து நேரலாம். இறுக்கியபின் முன்சில்லைக் கால்களுக்கிடையில் பிடித்து ஹான்டிலைத் திருப்பிப் பாருங்கள்; அது தனியே திரும்பக்கூடாது. கம்பிப் பிறேக் என்றால் கம்பிகளையும் மறுபடி சரிசெய்யுங்கள்.

2. சீற்றின் முன்பக்கம் கீழே சரிந்திருந்தால் மட்டப்படுத்துங்கள். சரிந்த சீற் உடலை முன்னே தள்ளிக் கையில் பாரமேற்றும்.

3. தேய்ந்த கைப்பிடியை மாற்றுங்கள். பழைய ரியூப்பை நாடாவாக வெட்டியும் சுற்றலாம். அதிக தடிப்பு வேண்டாம், விரல்கள் களைக்கும்.

4. முழங்கையைச் சற்று மடித்து, பிடியைத் தளர்த்தி ஓடுங்கள். இடைக்கிடை ஒரு கையை எடுக்காமலே பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள். பாரத்தைக் கரியரில் கட்டுங்கள், ஹான்டிலில் தொங்கவிடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் சில நாட்களில் விறைப்பு நீங்காவிட்டால், அல்லது விரல்களின் பலம் குறைந்தால், வைத்தியரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம். நரம்பு நெடுநாள் நசிபட்டால் குணமாகவும் நெடுநாள் செல்லும்.