கேரட்டைப் பார்த்து மயங்காதீர்கள்

காலை நிகழ்ச்சியில் வைரம் என்று வாயெடுத்தாலே நேயர்கள் கேட்பது, “எத்தனை கேரட் வாங்கலாம்?” தங்கத்தில் கேரட் என்றால் தூய்மை. வைரத்தில் அது எடை. ஒரு கேரட் வெறும் 0.2 கிராம்.

என்னைக் கேட்டால் பட்டைக்குத்தான் முதலிடம். பட்டை சரியாகத் தீட்டப்படாத கல்லில் உள்ளே போன ஒளி மேலே திரும்பாமல் கீழ்ப்பக்கமாக வெளியேறிவிடும். எவ்வளவு பெரிய கல்லானாலும் மங்கித்தான் தெரியும்.

அக்கா மகளின் நிச்சயதார்த்த மோதிரத்துக்காகத் தேக்காவில் கடை கடையாக ஏறினோம். 0.90 கேரட், 1 கேரட் வட்டக் கற்களை அருகருகே வைத்துப் பார்த்தோம். அகலத்தில் சுமார் கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். விலையிலோ பெரிய தாவல்! முழு எண்ணைத் தொட்டாலே அப்படித்தான். அவள் 0.90ஐ எடுத்தாள். கடை விளக்கில் எல்லாக் கல்லும் ஜொலிக்கும். வாசலோரம் பகல் வெளிச்சத்திலும் பாருங்கள்.

ஜிஐஏ சான்றிதழ் எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம். பல கற்களின் விளிம்பில் அதே எண் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும். உருப்பெருக்கியில் காட்டச் சொல்லுங்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரமும் அசல் வைரம்தான், விலை மிகக் குறைவு. கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. அதனால் எந்த வகை என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

தங்கச் சங்கிலியை அன்றைய விலைக்கு எடைபோட்டு விற்கலாம். வைரத்துக்கு அப்படி தினவிலை கிடையாது. திருப்பிக் கொடுத்தால் எத்தனை வெள்ளி தருவார்கள் என்று பணம் கட்டுமுன்பே கேளுங்கள்.