கருவியின் பளபளப்பும் கிணற்றின் நீரும்

ஆனைக்கரை என்னும் பெயருடைய ஊர்கள் கேரளத்தில் இரண்டு உள. ஒன்று பாலக்காடு மாவட்டத்தில் பாரதப்புழையின் ஓரத்தில் இருப்பது. மற்றொன்று இடுக்கி மாவட்டத்து ஏலமலையில், தமிழக எல்லைக்கு அண்மையில் இருப்பது. இவ்விரு ஊர்களிலும் ஒரு ஸ்பானரையோ டிரில் பிட்டையோ கையிலெடுப்பவர், அதன்மேல் படிந்துள்ள மெல்லிய பூச்சைப் பற்றி எண்ணுவது அரிது. அது பூசப்பட்ட இடம் எங்கோ தொலைவில் இருக்கிறது. கருவி ஊர் ஊராகச் சென்றுவிடும். அதனைக் கழுவிய நீரோ பூசிய ஊரிலேயே தங்கிவிடும். கோவையைப் போலவே பெங்களூரின் பீன்யா, பஞ்சாபின் லூதியானா முதலிய இடங்களிலும் மின்முலாம் பூசும் பட்டறைகள் பல உள்ளன. தொழில் நாடி வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர், இத்தொழிலின் நன்மையையும் தீமையையும் ஒருங்கே அறிந்திருத்தல் நலம்.

முதலில் நன்மையைக் காண்போம். எஃகினால் செய்த அச்சும் தண்டும் உராய்வினால் தேய்கின்றன, ஈரத்தினால் துருப்பிடிக்கின்றன. அவற்றின்மீது குரோமியத்தை ஏற்றினால் அவை கடினமும் வழுவழுப்பும் பெற்று நெடுநாள் உழைக்கின்றன. தேய்ந்த தண்டைக் குப்பையில் எறியாமல், மீண்டும் முலாம் பூசிப் பயன்படுத்தவும் இயலும். இதனால் எஃகும் அதனை உருக்கும் எரிபொருளும் மிச்சமாகின்றன. ஆகவே, பூச்சுத் தொழிலை முற்றிலும் பழித்தல் முறையன்று.

இனித் தீமையைப் பார்ப்போம். குரோமிய முலாம் பூசும் தொட்டியில் லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் அமிலம் கரைந்திருக்கும். அதனுள் கருவியைத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்துவர். அம்மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான் குரோமியத்தைப் படிய வைக்கிறது; எஞ்சியதில் பெரும்பகுதி நீரைப் பிரித்து வாயுக்குமிழிகளை எழுப்புகிறது. குமிழிகள் வெடிக்கும்போது அமிலம் நுண்திவலைகளாகக் காற்றில் பரவுகிறது. அதனைச் சுவாசிக்கும் தொழிலாளரின் மூக்கின் நடுத்தண்டு புண்பட்டுத் துளைபடுவதும் உண்டு.

இக்கரைசலில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். இது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1990ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. நம் நாட்டுத் தரநிர்ணயப்படி, குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியத்துக்குமேல் இருத்தல் ஆகாது. மேற்கூறிய தொட்டிக் கரைசல் ஒரு லிட்டரில் சுமார் 130 கிராம் குரோமியம் உண்டு. அந்த ஒரு லிட்டர், 26 இலட்சம் லிட்டர் நீரை அவ்வெல்லைக்குக் கொண்டுவந்துவிடும்! கருவியைத் தூக்கும்போது அதனோடு ஒட்டிவரும் சில துளிகளை அற்பமென்று எண்ணலாகாது என்பது இக்கணக்கால் விளங்கும்.

பீன்யாவில் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது ஆய்வுகளால் வெளிப்பட்டது. இராணிப்பேட்டையில் குரோமிய உப்புகளைச் செய்துவந்த ஆலை ஒன்று மூடப்பட்ட பின்னர், அது விட்டுச்சென்ற கழிவு இரண்டு இலட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்தது. அங்கும் நிலத்தடி நீர் கெட்டது. அது பூச்சுப் பட்டறையன்று. ஆயினும் நஞ்சு ஒன்றே. ஆலையின் ஆயுள் சில பத்தாண்டுகள். மண்ணில் இறங்கிய நஞ்சின் ஆயுளோ அதனினும் நெடிது.

இதற்குப் பரிகாரம் இல்லையோ எனின், உண்டு. அதுவும் பெரும்பாலும் எளியது. கருவியைத் தொட்டியிலிருந்து எடுத்தவுடன் கழுவாமல், தொட்டியின் மேலேயே சிறிது நேரம் வடியவிட வேண்டும். பின்னர் ஒரே தொட்டியில் ஓடும் நீரில் அலசாமல், இரண்டு மூன்று தொட்டிகளில் வரிசையாக அலச வேண்டும். முதல் தொட்டியில் சேரும் செறிந்த நீரை முலாம் தொட்டிக்கே திருப்பினால் அமிலமும் மிச்சமாகும். எஞ்சிய கழுவுநீரின் புளிப்புத்தன்மை கெடாதபடி அன்னபேதியையோ சோடியம் பைசல்பைட்டையோ சேர்த்தால், நச்சுமிக்க குரோமியம், நச்சுக் குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாக மாறும். அதன்பின் சுண்ணாம்பு இட்டால் அது சேறாகப் படிந்துவிடும். வெளியேறும் நீரில் ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது மின்முலாம் பட்டறைகளுக்கு நம் நாட்டில் உள்ள விதி.

படிந்த சேற்றையும் கண்ட இடத்தில் கொட்டலாகாது; அதற்கெனக் காப்புடன் அமைத்த கிடங்கிற்கே அனுப்ப வேண்டும். பாலக்காடு மாவட்டத்துப் பிளாச்சிமடையில் குளிர்பான ஆலை ஒன்றின் கழிவுச் சேறு, வயலுக்கு உரமென்று உழவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அதில் காட்மியம் மிகுந்திருந்தது 2003ஆம் ஆண்டில் தெரியவந்தது. தொழில் வேறாயினும் பாடம் ஒன்றே: நீரைத் தெளிய வைத்தவுடன் கடமை முடிந்துவிடுவதில்லை.

முறையையே மாற்றும் வழியும் பிறந்துள்ளது. காற்றை அகற்றிய கலத்தினுள் டைட்டானியத்தை ஆவியாக்கி, நைட்ரஜனுடன் சேர்த்து, டிரில் பிட்டின்மீது பொன்னிறப் படலமாகப் படிய வைக்கின்றனர். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே கனமுள்ள அப்படலம், கருவியின் ஆயுளைப் பன்மடங்கு பெருக்குகிறது. இதில் குரோமிக் அமிலத் தொட்டியே இல்லை. ஆயினும் மின்சாரம் செலவாகிறது. கருவியை முன்னதாகச் சுத்தம் செய்யும் திரவங்களும் கழிவாகின்றன. கனத்த பூச்சு வேண்டும் பெருந்தண்டுகளுக்கு இம்முறை ஏற்றதன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 21 முதல் தனி அனுமதியின்றிக் குரோமிக் அமிலத்தைத் தொழிலில் பயன்படுத்துதல் கூடாதென்று ஆயிற்று. எனவே மாற்று வழிகளைத் தேடும் முயற்சி வலுப்பெற்றுள்ளது.

பட்டறையில் பணிபுரியும் அன்பர்கள், தொட்டியின்மேல் ஆவியை இழுக்கும் குழாய் உண்டா, கழுவுநீர் எங்கே செல்கிறது, சேறு எங்கே போகிறது என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டறிதல் வேண்டும். அருகில் குடியிருப்போர், கிணற்று நீர் மஞ்சள் நிறம் கொண்டால் அதனைப் பருகாமல் நிறுத்திவிட்டு, மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடம் முறையிட்டுச் சோதனை கோருதல் வேண்டும். நிறம் தோன்றாத சிற்றளவிலும் நஞ்சு இருக்கக்கூடுமாதலால், பட்டறைகளுக்கு அண்மையில் உள்ள கிணறுகளை அவ்வப்போது சோதித்துக்கொள்வது நலம். பிழைக்க வந்த ஊரின் நீரைத்தான் நம் குழந்தைகளும் பருகுகிறார்கள். அதனைக் காப்பது சொந்த ஊரின் கிணற்றைக் காப்பதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.