அழியாத பதிவு, பேசாத பஞ்சு

குழந்தை பனியனின் கழுத்தோரம் தொங்கும் அட்டையில் ஒரு கியூஆர் கோடு. செல்போனைக் காட்டினால் பச்சைப்பசேலென்று ஒரு பக்கம் திறக்கிறது. பருத்திக் காட்டில் சிரித்தபடி ஒரு விவசாயி, பக்கத்தில் அவர் ஊரின் வரைபடம், கீழே தடித்த எழுத்தில் “பிளாக்செயினால் உறுதிசெய்யப்பட்ட ஆர்கானிக் பருத்தி”. காபி, சூரை மீன், வைரம், மின்கார் பேட்டரி என்று பல பொருட்களோடும் இப்படி ஒரு வாசகம் இன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. எழுதியவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த வாக்கியத்தின் எழுவாய்தான் இடிக்கிறது. பருத்தியைப் பற்றி யாரோ எழுதிவைத்ததைப் பிறகு யாரும் மாற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் பிளாக்செயினின் வேலை. பருத்தியை அது பார்த்ததே இல்லை.

மாற்றாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறது? எந்த டிஜிட்டல் ஆவணத்தையும் ஹேஷ் என்ற கணக்கீட்டில் போட்டால் குறிப்பிட்ட நீளமுள்ள ஒரு கோவை கிடைக்கும். பிட்காயினில் அது 256 பிட். ஆவணத்தில் ஒரு புள்ளி மாறினாலும் கோவை அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். பதிவுகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, ஒவ்வொரு கட்டிலும் முந்தைய கட்டின் ஹேஷையும் எழுதிவிடுகிறார்கள். பழைய பதிவில் கை வைப்பவர் அதற்குப் பின்னால் வந்த அத்தனை கட்டுகளையும் திருத்தியாக வேண்டும். பிரதிகள் பலரிடம் இருப்பதால் குட்டு உடனே வெளிப்பட்டுவிடும். பிட்காயின் பிறப்பதற்கு வெகு முன்பே, 1991இல், ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இருவர் ஆவணங்களுக்குக் கால முத்திரை இடுவதற்கு வகுத்த வழி இது. அவர்களுடைய நிறுவனம் 1995 முதல் அந்தந்த வாரத்து ஹேஷை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் சின்ன விளம்பரமாக அச்சிட்டு வந்தது. ஊரெல்லாம் விற்றுப்போன பத்திரிகையை வீடு வீடாகப் போய் யார் திருத்துவது? பிளாக்செயினுக்கு இதைவிடச் சுலபமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதன் எல்லையைப் புரிந்துகொள்ள நம் சார்பதிவாளர் அலுவலகமே போதும். பத்திரம் பதிவாகிவிட்டதென்றால், இன்ன தேதியில் இன்னார் இன்னாருக்கு எழுதிக்கொடுத்தார் என்பது உறுதி. விற்றவருக்கு அந்த நிலம் சொந்தம்தானா என்பது வேறு விவகாரம். அதற்கு மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், வக்கீல் என்று அலைய வேண்டும்.

ஆர்கானிக் பருத்தியில் அந்த அலைச்சல் எவ்வளவு பெரியது என்பது 2020இல் தெரிந்தது. அப்போது உலக ஆர்கானிக் பருத்தியில் ஏறக்குறைய பாதி இந்தியாவில் விளைந்துகொண்டிருந்தது. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ஒடிசா போன்ற இடங்களில் பறித்த பருத்தியில் கணிசமான பங்கு தமிழ்நாட்டு ஸ்பின்னிங் மில்களுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் வந்துசேரும். சரக்கு கை மாறும்போதெல்லாம் டி.சி. எனப்படும் பரிவர்த்தனைச் சான்றிதழும் கூடவே வரும். ஜவுளிக்கான சர்வதேச ஆர்கானிக் தர அமைப்பான காட்ஸ், அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு குண்டைப் போட்டது. போலி டி.சி.க்களின் பேரில் சுமார் 20,000 டன் பருத்தி ஆர்கானிக் என்று உலாவியிருக்கிறது. நாட்டின் மொத்த ஆர்கானிக் உற்பத்தியில் ஆறில் ஒரு பங்கு அது. 11 நிறுவனங்களுக்குத் தடை விதித்தார்கள். மோசடி நடந்த விதம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். போலிச் சான்றிதழிலும் கியூஆர் கோடு இருந்தது. அதை ஸ்கேன் செய்தால் மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபேடா நடத்தும் டிரேஸ்நெட் தளத்தைப் போலவே அச்சு அசலாக உருவாக்கிய ஒரு போலித் தளம் திறந்தது.

பிளாக்செயின் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று அப்போது பலர் சொன்னார்கள். பாதி சரி. சான்றிதழைக் கள்ளத்தனமாக அச்சடிப்பதை அது கடினமாக்கும். ஆனால் வாங்குபவர் பார்ப்பது செல்போன் திரையில் தெரியும் பக்கத்தை. அதை வரைந்தது நிறுவனம், அல்லது நிறுவனம் காசு கொடுத்து அமர்த்திய ஆள். பின்னால் உண்மையிலேயே பிளாக்செயின் இருக்கிறதா, இருந்தால் அதன் பிரதி யார் யாரிடம் இருக்கிறது என்பது அந்தப் பக்கத்தில் அநேகமாக இராது. எல்லாப் பிரதியும் ஒரே நிறுவனத்தின் சர்வர்களில்தான் என்றால் அதைச் சாதாரண எக்செல் கோப்பாகவே வைத்துக்கொள்ளலாம்.

சரி, பதிவு நேர்மையாகவே நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பஞ்சு என்ன சொல்கிறது? விதையோடு இருக்கும் பருத்தியில், பதப்படுத்தாத நாரில், ஆர்கானிக்கில் கூடாத மரபணு மாற்றம் உண்டா என்று சோதித்துவிடலாம்; 2019இல் ஐ.எஸ்.ஓ. இதற்கென்று ஒரு சோதனை நடைமுறையே வெளியிட்டிருக்கிறது. நூலாகி, பிளீச் ஆகி, சாயமேறிய பிறகு மரபணு சிதைந்துபோகும். அதன்பின் ஆர்கானிக் பனியனும் சாதா பனியனும் ஆய்வகத்தில் ஒன்றுதான். வித்தியாசம் காகிதத்தில் மட்டும்.

ஜின்னிங் ஃபேக்டரியின் முற்றத்தில் நின்று பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். டிராக்டரிலும் வண்டியிலும் வந்த பருத்தியை ஒரே அம்பாரமாகக் கொட்டுகிறார்கள். விதை பிரிந்து, 170 கிலோ பேல்களாகக் கட்டுப்படும்போதே ஒவ்வொன்றிலும் பல விவசாயிகளின் பருத்தி இருக்கும். ஸ்பின்னிங் மில்லில் நூலின் தரம் ஒரே சீராக வரப் பல பேல்களைப் பரப்பி மிக்சிங் போடுவார்கள். ஆக, உங்கள் பனியனின் பருத்தி இந்த ஒரு விவசாயியின் வயலிலிருந்து வந்தது என்று புகைப்படத்தோடு சொல்வது, தனியே பிரித்து ஓட்டினாலொழிய, நடக்காத காரியம். விவசாயிகள் குழு, ஜின்னிங் ஆலை என்ற அளவில்தான் நியாயமாகச் சொல்ல முடியும்.

பிளாக்செயின் நன்றாகச் செய்யக்கூடிய வேலை எடைக் கணக்கு. நூறு கிலோ பஞ்சு உள்ளே போனால் கழிவு போகக் கோம்டு (சீவிய) நூல் அதைவிடக் குறைவாகத்தான் வெளியே வர முடியும். அதே நூறு கிலோவைக் காட்டி இரண்டு பையர்களுக்கு இரண்டு முறை விற்பதுதான் வழக்கமான தில்லுமுல்லு. டெக்ஸ்டைல்ஜெனசிஸ் என்ற தளம் ஒரு கிலோ நாருக்கு ஒரு டோக்கன் என்று கொடுத்து, சரக்கோடு டோக்கனையும் கை மாற்றுகிறது. ஒருமுறை கொடுத்த டோக்கனை மறுபடி கொடுக்க முடியாது. ஆஸ்திரியாவின் லென்சிங் நிறுவனம் தன் நார்களுக்கு இதைப் பயன்படுத்துகிறது. அங்கே ஒரு வசதி: நார் அதன் சொந்த ஆலையில் பிறக்கிறது, முதல் பதிவை எழுதுபவர் யார் என்ற சந்தேகமே இல்லை. பருத்தியின் முதல் பதிவு ஆயிரக்கணக்கான வயல்களில் இருக்கிறது.

கார்பன் சந்தையில் இதே கதை வேறு வேடத்தில் வந்தது. 2021 அக்டோபரில் டூகன் என்ற தளம், கார்பன் திட்டங்களுக்குச் சான்றளிக்கும் வெரா அமைப்பின் கிரெடிட்டுகளை பிளாக்செயின் டோக்கன்களாக மாற்றித்தரத் தொடங்கியது. கிளைமாடாவ் என்ற கூட்டமைப்பு அவற்றை வாங்கிக் குவிக்க, அதன் சொந்த டோக்கன் விலை 3,000 டாலரைத் தாண்டி, பிறகு அதலபாதாளத்துக்குப் போனது. கார்பன்பிளான் என்ற ஆய்வு அமைப்பு 2022இல் குடைந்து பார்த்தபோது, ஆண்டுக்கணக்கில் யாரும் சீண்டாமல் கிடந்த திட்டங்களின் கிரெடிட்டுகள் பல அதில் உயிர்பெற்றிருந்தது தெரிந்தது. ஏற்கெனவே பயன்படுத்திக் கணக்கு முடித்த கிரெடிட்டுகளை டோக்கனாக்குவதை அதே ஆண்டு மே மாதம் வெரா தடை செய்தது. இதில் பிளாக்செயின் ஒரு இடத்திலும் பழுதாகவில்லை. மதிப்பில்லாத சரக்குக்கும் கணக்கைத் துல்லியமாகவே வைத்தது.

வால்மார்ட் மாம்பழம் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு எங்கும் முடிவதில்லை. நறுக்கிய மாம்பழப் பாக்கெட் ஒன்றின் பூர்வீகத் தோட்டத்தைக் கண்டுபிடிக்கப் பழைய முறையில் 6 நாள் 18 மணி 26 நிமிடம் ஆனது, ஐ.பி.எம். உதவியோடு பிளாக்செயினில் 2.2 விநாடி. கெட்டுப்போன உணவை அலமாரியிலிருந்து உடனே எடுக்க இது பெரிய உதவி. ஆனால் அந்த வேகம் எல்லோரும் விவரங்களை முன்கூட்டியே ஒரே இடத்தில் உள்ளிட்டதால் வந்தது. சாதாரணப் பொதுத் தரவுத்தளத்திலும் அது வந்திருக்கும். மாந்தோப்பில் எவ்வளவு தண்ணீர் பாய்ந்தது, கூலி எவ்வளவு என்பதெல்லாம் அந்த 2.2 விநாடியில் இல்லை. அதைச் சூழல் சாதனையாக மேடையில் காட்டுவதுதான் உறுத்துகிறது.

மின்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாக்செயின் என்றாலே மின்சாரத்தை விழுங்கும் என்பது, அடுத்த கட்டை யார் எழுதுவது என்று கணினிகள் போட்டி போட்டுக் கணக்கிடும் பிட்காயினுக்குப் பொருந்தும். எத்திரியம் என்ற இன்னொரு பிளாக்செயின் 2022 செப்டம்பரில் தன் முறையை மாற்றி மின்செலவை 99 சதவீதத்துக்கு மேல் குறைத்துவிட்டது. நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் பிளாக்செயின்களுக்கு அந்தப் போட்டிக் கணக்கே கிடையாது. எந்த வகை என்று அறிக்கையில் ஒரு வரி போட்டால் பாதிச் சண்டை தீரும்.

இனி இப்படி விளக்கி எழுதுவது நிறுவனங்களின் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயம் அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட நெறிமுறைகள், பசுமை, சூழலுக்கு உகந்தது போன்ற பொத்தாம்பொதுவான சொற்களுக்கு ஆதாரமும் விளக்கமும் கேட்கின்றன. தொழில்நுட்பச் சொல்லைப் போட்டால் அதன் பொருளை நுகர்வோருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டமாக்கிய, பொருளின் விவரங்களைத் தாங்கும் டிஜிட்டல் பொருள் பாஸ்போர்ட்டில் முன்னுரிமைப் பட்டியலிலேயே ஆடை வருகிறது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் தப்ப முடியாது.

அட்டையில் என்ன எழுதலாம்? என்னைக் கேட்டால் இப்படி: “இந்தப் பருத்தி, சான்று பெற்ற ஒரு விவசாயிகள் குழுவிடம் வாங்கியது. ஜின்னிங் ஆலையில் மரபணு மாற்றத்துக்கான சோதனை செய்தோம். முடிவு இந்த இணைப்பில் உள்ளது. ஜின்னிங் முதல் தையல் வரையிலான எடைக் கணக்கு பிளாக்செயினில் இருக்கிறது. அதன் பிரதி மில்லிடமும் சான்றளிக்கும் அமைப்பிடமும் உண்டு. வயலில் என்ன மருந்து அடித்தார்கள் என்பதை அது காட்டாது. அதற்கு ஆண்டு ஆய்வையே நம்பியிருக்கிறோம்.” கடைசி இரண்டு வாக்கியங்களை மார்க்கெட்டிங் பிரிவு முதல் வேலையாக வெட்டிவிடும். படிப்பவருக்கு மற்ற வரிகள் மேல் நம்பிக்கை வருவதே அவற்றால்தான்.

அந்த மரபணு மாற்றச் சோதனைக்கும் பெரிய செலவில்லை. இந்தியப் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்று மரபணு மாற்றிய பி.டி. ரகம். விதையையோ இலையையோ நசுக்கிய கரைசலில் ஒரு காகிதப் பட்டையைத் தோய்த்தால் பி.டி. புரதம் உண்டா இல்லையா என்று சில நிமிடங்களில் கோடு விழுந்துவிடும். நாக்பூரில் உள்ள மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனமே இத்தகைய பெட்டிகளை உருவாக்கியிருக்கிறது. பி.டி. இல்லாததெல்லாம் ஆர்கானிக் ஆகிவிடாது; ஆனால் பி.டி. இருந்தால் அந்த வண்டியை ஆர்கானிக் அம்பாரத்தில் கொட்ட விடாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். பிளாக்செயினுக்குப் பட்ஜெட் போடும் நிறுவனங்களிடம் பையர்கள் முதலில் கேட்க வேண்டியது, ஜின்னிங் வாசலில் அந்தப் பட்டை இருக்கிறதா என்பதைத்தான்.