இரவில் காணும் காமிரா: இருள் சூழ்ந்த இல்லங்களுக்கு ஏற்றது எது?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில் பல வீடுகள் தெருவோரத்தில் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதில்லை. ஒவ்வொன்றும் தன் விளைக்குள், தென்னைக்கும் வாழைக்கும் ரப்பர் மரங்களுக்கும் நடுவே தனித்து நிற்கிறது. பகலில் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும் இவ்வமைப்பே இரவில் அச்சத்துக்கு இடமாகிறது. தெருவிளக்கின் ஒளி வாயிற்கதவோடு நின்றுவிடும். கிணற்றடி, மோட்டார் அறை, ரப்பர் ஷீட் காயும் கொட்டகை, சமையலறைப் பின்வாசல் எல்லாம் இருளில் மூழ்கிக் கிடக்கும். பிள்ளைகள் குவைத்திலோ பெங்களூரிலோ பணியாற்ற, வயது முதிர்ந்த பெற்றோர் இருவர் மட்டும் வாழும் இல்லங்கள் நம் பங்குகளில் எத்தனையோ உள்ளன.

அப்பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது பெற்றோருக்குச் செய்து கொடுக்கும் வசதிகளுள் கண்காணிப்புக் காமிராவும் இன்று இடம்பெற்றுவிட்டது. அன்பினால் செய்வதே. ஆயினும் வாங்குகிறவர் பகலில் கடைக்குச் செல்கிறார். பகலில் அது பொருத்தப்படுகிறது. பகலில் தெரியும் தெளிவான வண்ணப் படத்தைக் கண்டு மகிழ்ந்து பணத்தைக் கொடுத்துவிடுகிறார். அக்காமிரா உழைக்க வேண்டிய வேளையோ நள்ளிரவு.

இத்தகைய ஓர் இல்லத்தில் நிகழ்ந்ததை நாம் அறிவோம். பின்புறத்து மோட்டார் ஓர் இரவில் களவு போயிற்று. நான்கு காமிராக்கள் இருந்தன. நான்கும் பழுதின்றி இயங்கிக்கொண்டிருந்தன. காவல் நிலையத்தில் ஒளிப்பதிவை ஓட்டிப் பார்த்தபோது, ஒருவர் வந்ததும் போனதும் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் திட்டு ஒன்றே இருந்தது. அவ்வீட்டு அம்மாள் அதன் பிறகு இரவில் பின்கதவைத் திறப்பதே இல்லை. பழுதற்ற காமிரா ஏன் இவ்வாறு கைவிட்டது என்பதை அறிந்துகொண்டால், எதை வாங்குவது என்பதும் தானே விளங்கும்.

கண் காணாத ஒளி

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர், கதிரவன் ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், எந்த ஒளியும் தெரியாத இடத்திலும் வெப்பமானி ஏறிற்று. அகச்சிவப்புக் கதிர்கள் அவ்வாறே அறியப்பட்டன. நம் கண் அவற்றைக் காணாது. காமிராவினுள் இருக்கும் சிலிக்கன் சில்லு காணும்.

பகலில் இக்கதிர்கள் உட்புகுந்தால் நிறங்கள் கெட்டுவிடும் என்பதால், சில்லின் முன்னே ஒரு வடிகண்ணாடி நிற்கும். இருட்டியதும் அது விலகிக்கொள்ளும். மாலையில் காமிராவிலிருந்து 'டிக்' என்று மெல்லிய ஓசை எழுவது அதனால்தான். உடனே காமிராவின் முகப்பிலுள்ள சிறு விளக்குகள் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சத் தொடங்கும். படம் கறுப்பு வெள்ளையாக மாறும். ஆகவே இரவுக் காமிரா என்பது இருளை ஊடுருவும் மாயக்கண் அன்று. கையில் ஒரு டார்ச் விளக்கை ஏந்திய கண் அது. அந்த விளக்கின் ஒளி மட்டும் நமக்குத் தெரியாது. உடலின் வெப்பத்தையே படமாக்கும் வெப்பக் காமிரா வேறு வகை. அதன் விலையும் மிக அதிகம்.

டார்ச் விளக்கு என்று எண்ணிக்கொண்டால் பல உண்மைகள் எளிதில் புலப்படும். தூரம் இரு மடங்கானால், விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். மிக அருகில் வரும் முகம் ஒளி மிகுந்து வெளிறிப்போகும். மேலே சொன்ன வெள்ளைத் திட்டு அதுவே. ஆள் அருகில் வரும்போது விளக்கின் வலிமையைத் தானே குறைத்துக்கொள்ளும் காமிராக்களைக் கடைகளில் 'ஸ்மார்ட் ஐ.ஆர்.' என்பார்கள். வாயிலுக்கும் பின்கதவுக்கும் அவ்வசதி கட்டாயம் வேண்டும்.

இன்னொரு வியப்பும் உண்டு. பச்சை இலைகள் அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகின்றன. காமிராவின் முன்னே ஒரு வாழையிலையோ தென்னங்கீற்றோ தொங்கினால், இரவில் அது வெள்ளை வெளேரென்று ஒளிரும். காமிரா அந்த ஒளிக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள, பின்னால் உள்ள முற்றம் முழுவதும் இருண்டுவிடும். வெள்ளையடித்த சுவரோ தூணோ படத்தின் ஓரத்தில் வந்தாலும் இதே தொல்லைதான். துணிகளும் ஏமாற்றும். கறுப்புச் சட்டைகள் பல, சாயத்தின் தன்மையால், இரவுப் படத்தில் வெளிர் நிறமாகத் தோன்றும். ஆதலின் இரவுப் பதிவைப் பார்த்துவிட்டு, 'வெள்ளைச் சட்டைக்காரன்தான் வந்தான்' என்று எவர்மீதும் ஐயம் கொள்ளலாகாது.

பெட்டியில் எழுதிய 30 மீட்டர்

காமிராப் பெட்டியின் மேல் '30 மீட்டர் இரவுப் பார்வை' என்று அச்சிட்டிருப்பதைக் காண்கிறோம். முப்பது மீட்டரில் எதைக் காணலாம் என்பதே கேள்வி. கண்காணிப்புக் காமிராக்களுக்கான அனைத்துலகத் தர அளவு ஒன்று இதைத் தெளிவாக வகுத்துள்ளது. படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 புள்ளிகள் விழுந்தால், ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரியும். முன்பே அறிந்தவரை அடையாளம் கண்டுகொள்ள 125 புள்ளிகள் வேண்டும். அறியாத ஒருவரை ஐயமற இன்னார் என்று நிறுவ 250 புள்ளிகள் வேண்டும்.

இதை நம் வீட்டுக் காமிராவுக்குப் பொருத்திப் பார்ப்போம். பலரும் வாங்கும் 2 மெகாபிக்சல் காமிராவில் அகலவாக்கில் 1,920 புள்ளிகள் உள்ளன. பெரும்பாலும் அதில் இருப்பது 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். ஏறத்தாழ 100 பாகை அகலத்தை அது காட்டும். கணக்கிட்டால், 30 மீட்டரில் ஆள் இருப்பது தெரியும். தெரிந்தவரை அறிய 6 மீட்டர். அறியாதவரின் முகத்தை நிறுவ 3 மீட்டர் மட்டுமே. இரவில் படத்தில் இரைச்சல் சேர்வதால் இத்தூரமும் குறையும். பெட்டியில் எழுதியது பொய் அன்று. நாம் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, அவ்வளவே.

அதே காமிராவில் 6 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் அகலம் பாதியாகக் குறுகும். முகம் காணும் தூரமோ 7 அல்லது 8 மீட்டராக நீளும். ஆகையால் நம் கருத்து இது: கூரையோரத்து நான்கு மூலைகளிலும் நான்கு அகலக் காமிராக்களை மாட்டுவதைவிட, வருகிறவர் எவராயினும் கடந்தே தீரவேண்டிய வழியை நோக்கி, குறுகிய பார்வையுள்ள ஒரு காமிராவை ஏழு எட்டடி உயரத்தில் வைப்பது மேல். முற்றத்தின் நடமாட்டத்தை அறிய அகலக் காமிரா ஒன்று துணைக்கு இருக்கட்டும். மாடி உயரத்தில் பொருத்திய காமிரா தலைமயிரையும் தொப்பியையும் மட்டுமே பதிவு செய்யும்.

புள்ளிகளைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். பகலில் உதவும். இரவில், சில்லின் அளவு மாறாமல் புள்ளிகள் மட்டும் பெருகினால், ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி குறையும். எனவே 8 மெகாபிக்சல் என்ற எண்ணைக் கண்டு மயங்காமல், சில்லின் பருமனையும் லென்ஸின் திறப்பையும் கேளுங்கள். எஃப் 1.0 என்று குறித்த லென்ஸ், எஃப் 2.0 லென்ஸைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும்.

விளக்குகளிலும் இரு வகை உண்டு. 850 நானோமீட்டர் அலைநீளமுள்ளவை இருளில் தணல்போல் மங்கிய செந்நிறமாகத் தெரியும், தூரம் எட்டும். 940 நானோமீட்டர் விளக்குகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் சில்லு அந்த அலைநீளத்தில் மந்தமாகவே உணர்வதால் தூரம் குறையும். தோப்புக்குள் ஒளிந்திருந்து பார்க்கும் தேவை இல்லங்களுக்கு ஏது? அந்தச் செந்தணலைக் கண்டு வருகிறவர் திரும்பிப் போனால் நமக்கு ஆதாயமே. வீட்டுக்கு 850 போதும்.

பூச்சியும் மழையும்

காமிரா கைபேசிக்கு அனுப்பும் எச்சரிக்கைகளைப் பற்றி ஒரு சொல். விளக்கின் அருகே பூச்சிகள் வரும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். லென்ஸின் முன்னே அது கட்டும் வலை இரவில் வெள்ளிக்கயிறாய் மின்னும். மழைக்காலத்து ஈசல் ஒன்றே ஓர் இரவில் நூறு முறை கைபேசியை அலற வைக்கும். மூன்றாம் நாள் பெரியவர் கைபேசியை அணைத்து வைத்துவிடுவார். அதன் பின் காமிரா இருந்தும் இல்லாததே. மனித உருவை மட்டும் பிரித்தறியும் காமிராவைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை ஒட்டடைக் கோலால் துடைப்பதே வழி. உடல்வெப்பத்தைக் கொண்டு உணரும் கருவிகள், சுற்றுப்புறமும் உடலும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் இருக்கும் கோடை இரவுகளில் சற்றுத் தடுமாறும்.

இருபருவ மழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் காமிராவின் மேல் 'ஐபி 66' அல்லது 'ஐபி 67' என்ற குறி இருத்தல் வேண்டும். கடற்கரைப் பங்குகளில் உப்புக்காற்று உலோகத் திருகுகளை விரைவில் அரித்துவிடும்; எவர்சில்வர் திருகு கேட்டு வாங்குங்கள். மின்சாரம் நின்ற பொழுதே திருடனுக்கு உகந்த பொழுது. பதிவுக் கருவியையும் காமிராவையும் இன்வெர்ட்டரில் இணைக்காவிட்டால் செலவிட்டது வீண். நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதியும் ஒரு காமிரா, ஒரு நாளில் ஏறத்தாழ 22 ஜிகாபைட் இடத்தை நிரப்பும். நான்கு காமிராக்களுக்கு 1 டெராபைட் வட்டு பதினோரு நாள்தான் வரும். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்தே செல்லும் குடும்பம் திரும்பி வருமுன் முதல் நாள் பதிவு அழிந்திருக்கக்கூடும். பதிவுக் கருவியைத் தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கும் வழக்கமும் நன்றன்று. திருடன் அதையும் எடுத்துச் செல்வான்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பின்வாசலுக்குக் காமிராவைவிட, ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் ஒரு விளக்கே முதலில் வேண்டும் என்பது நம் எண்ணம். விலை குறைவு. வெளிச்சம் விழுந்தவுடன் வந்தவன் திடுக்கிடுவான். காமிராவும் வண்ணப் படம் எடுக்கும். அதைவிட மேலாக, இரவில் வெளிக் கழிவறைக்குச் செல்லும் முதியவர் படியில் தடுக்கி விழாமல் இருப்பார். திருடனைவிட அந்தப் படியே பல வீடுகளில் பெரிய ஆபத்து. அகச்சிவப்புக் காமிரா, விளக்குப் போட முடியாத தோப்புக்கும் கொட்டகைக்கும் உரியது.

பிறர் வீட்டு முற்றம்

கண்ணுக்குத் தெரியாத ஒளியால் பார்க்கும் கருவி என்பதால் நமக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. அண்டை வீட்டாரின் கிணற்றடியும் குளியலறை வாசலும் நம் படத்தில் விழலாகாது. பல காமிராக்களில் அப்பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணிடம் காமிரா எங்கெங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுவது மரியாதை.

நம் வீட்டைப் பிறர் பார்க்கவும் வழி உண்டு. 2016ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் தீய நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாதிருந்த இணையக் காமிராக்கள் முதலிய கருவிகளைப் பேரளவில் கைப்பற்றிற்று. பொருத்த வரும் தம்பி '12345' என்று இட்டுவிட்டுப் போனால், அன்றே மாற்றிவிடுங்கள். இணையக் காமிராக்களின் பாதுகாப்புச் சோதனையை இந்திய அரசு 2025 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியுள்ளது. அதற்குரிய சான்று இருக்கிறதா என்று கடையில் கேட்பது வாங்குவோரின் உரிமை.

பணத்தை முழுமையாகக் கொடுக்குமுன் ஓர் இரவு காத்திருங்கள். நிலவில்லாத இரவாக இருக்கட்டும். வீட்டு விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிட்டு, பேரனையோ மருமகனையோ மதிற்கதவிலிருந்து பின்வாசல் வரை நடந்து வரச் செய்யுங்கள். ஒருமுறை மெதுவாக, ஒருமுறை ஓட்டமாக. பிறகு பதிவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வந்தவர் பேரன் என்று தெரிந்திராவிட்டால் அம்முகத்தை அறிந்திருப்போமா? இல்லையென்றால் காமிராவை இறக்கி, திருப்பி, லென்ஸை மாற்றச் சொல்லுங்கள். பொருத்துகிறவர் முகம் சுளித்தாலும் பாதகமில்லை.

கடைசியாக, வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு. இங்கே அதிகாலை இரண்டு மணி என்றால் குவைத்தில் இரவு பதினொன்றரை. கைபேசியில் எச்சரிக்கை வருகிறது. தோப்பில் ஆள் தெரிகிறார். பதறிப்போய் 112ஐ அழைத்தால் குவைத் நாட்டு அவசர உதவி மையமே பதில் சொல்லும். அங்கும் அதே எண்தான். ஆகவே ஊர்க் காவல் நிலையத்தின் தொலைபேசி எண்ணை 91 என்ற நாட்டுக் குறியீட்டுடன் முன்னரே கைபேசியில் பதிந்து வையுங்கள். அதற்கும் முன்பாக, பக்கத்து விளையில் குடியிருக்கும் இரண்டு குடும்பங்களின் எண்களைப் பதிந்து வையுங்கள். இரவில் அழைத்தால் எடுக்க வேண்டும் என்று அவர்களிடம் இந்த விடுமுறையிலேயே நேரில் சென்று கேட்டுக்கொள்ளுங்கள்.